கொட்டை உடைக்கும் அணிலும் உறங்கும் சிங்கமும்

பின்னங்கால்களில் குந்தியிருக்கிறது ஓர் அணில். வால் முதுகை ஒட்டி மேலேறி நுனியில் வெளிப்புறமாகச் சுருள்கிறது. முன்னங்கைகள் இரண்டும் வாயருகே இருக்கின்றன. நடுவில் ஒரு கொட்டை. இவ்வளவும் சுமார் இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. வட்டத்தின் ஓரத்தைச் சுற்றி ஆங்கிலத்தில் சில எழுத்துகள் ஓடுகின்றன. ‘நான் கொட்டை உடைக்கிறேன்’ என்கிறது அணில். 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் யாரோ ஒருவர் இந்தச் செப்புக் கலவை அச்சைக் காசு கொடுத்து வாங்கி, இடுப்புக் கச்சையில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். கடிதம் மடித்தபோதும் கடன் பத்திரம் எழுதியபோதும் மெழுகில் அதை அழுத்தியிருக்கிறார்.

சட்டம் அவரிடம் கேட்டது ஓர் அடையாளம்தான். இன்னார் இதற்குச் சம்மதித்தார் என்று காட்டக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இருந்தாலே போதும். அணிலை யாரும் கேட்கவில்லை. அது கொட்டை உடைக்கும் செய்தியை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இடைக்கால இங்கிலாந்தின் தனிமனித முத்திரைகளைக் கையில் எடுத்துப் பார்க்கும் எவரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்: கேட்டதற்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். அந்த உபரியில்தான் நயம் இருக்கிறது.

முத்திரை என்பது தொடக்கத்தில் அரச சமாசாரம். 11ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் மன்னர் இருபுறமும் பதித்த பெரிய மெழுகு முத்திரையைத் தம் ஆணைகளில் தொங்கவிட்டார். ஆயர்களும் பிரபுக்களும் பின்தொடர்ந்தார்கள். அதற்கடுத்த நூற்றாண்டில், இரண்டாம் ஹென்றியின் காலத்தில், ஒரு வழக்கு நடந்தது. ஹேஸ்டிங்ஸ் போர் நடந்த களத்தில் எழுப்பப்பட்ட பேட்டில் மடாலயம், ஒரு நிலத்துக்குப் பழைய பத்திரத்தை ஆதாரமாகக் காட்டியது. எதிர்த்தரப்பில் நின்ற கில்பர்ட் டி பாலியல், அதில் முத்திரையே இல்லையே என்று மடக்கினார். மன்னரின் தலைமை நீதி அதிகாரி ரிச்சர்ட் டி லூசி அவரைப் பார்த்து, உம்மிடம் முத்திரை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார் கில்பர்ட். லூசி புன்னகைத்தார். சில்லறைக் குதிரைவீரன் ஒவ்வொருவனும் முத்திரை வைத்துக்கொள்வது அந்தக் காலத்து வழக்கமில்லை, அது அரசர்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும் உரியது என்ற கருத்தில் பதில் சொன்னாராம். மடாலயத்தின் வரலாற்று ஏடு இதைப் பதிந்து வைத்திருக்கிறது.

அந்தப் புன்னகையில் இருந்த இளக்காரம் நெடுநாள் செல்லுபடியாகவில்லை. 13ஆம் நூற்றாண்டில் சிறு விவசாயிகளும் கைவினைஞர்களும் விதவைகளும் முத்திரை வைத்திருந்தார்கள். 1285இல் எக்ஸெட்டர் சட்டம், விசாரணைகளில் சாட்சிக்குழுவில் உட்காரும் பண்ணையடிமைகளும் தங்கள் வாக்குமூலத்தை உறுதிசெய்ய முத்திரை வைத்திருக்க வேண்டும் என்றது. சொந்தமாக ஒரு காணி நிலம் இல்லாதவனுக்கும் சொந்தமாக ஒரு முத்திரை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பத்திரமோ லத்தீனில் இருந்தது. அதை வாசிக்க முடியாதவர் அதன் அடியில் தம் உருவத்தைப் பதித்துவிட்டுப் போனார்.

இதற்கு முன் என்ன செய்தார்கள் என்பதையும் பார்த்தால்தான் முத்திரையின் சுவை பிடிபடும். டர்ஹம் தேவாலயத்தில் ஒரு கத்தி இருக்கிறது. கொம்பினால் ஆன கைப்பிடி, அலகு உடைந்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் டி புல்மர் என்பவர் துறவியருக்குக் கொடுத்த ஓர் உரிமைக்குச் சாட்சி அது. கைப்பிடியிலேயே எழுத்து வெட்டி, விவரம் எழுதிய தோல் துண்டு ஒன்றையும் கூடவே கட்டியிருக்கிறார்கள். நிலத்தைக் கொடுப்பவர் ஒரு கத்தியையோ, ஒரு பிடி மண்ணையோ, ஒரு மரக்குச்சியையோ நாலு பேர் முன்னிலையில் கைமாற்றுவார். பார்த்தவர்களின் நினைவுதான் பத்திரம். எழுத்து வந்து இந்தச் சடங்கை ஒரே நாளில் துரத்திவிடவில்லை. தொட்டுத் தூக்கிக் காட்டக்கூடிய ஒரு பொருள் வேண்டும் என்ற மனசு அப்படியே இருந்தது. அதனால்தான் முத்திரை தோலின் மேல் பதிந்த வெறும் குறியாக இல்லாமல், கனத்தோடு கீழே தொங்குகிறது. கத்தி தொங்கிய இடத்தில் மெழுகு வந்து தொங்கியது என்று சொல்லலாம்.

தொங்கவிடும் வேலையிலேயே ஒரு நேர்த்தி உண்டு. பதப்படுத்திய ஆட்டுத்தோலில் பத்திரத்தை எழுதி முடித்ததும் கீழ் விளிம்பை ஒரு மடிப்பு மேலே மடிப்பார்கள். ஒற்றைத் தோல் கிழிந்துவிடும். இரட்டைத் தோல் பாரம் தாங்கும். மடிப்பின் குறுக்கே கத்தியால் கீறி, அதன் வழியே ஒரு தோல் பட்டையை நுழைத்து இரு முனைகளையும் சேர்ப்பார்கள். அந்த முனைகளைச் சுற்றித்தான் மெழுகு. அவசரக் கடிதமென்றால் தனிப் பட்டைகூடக் கிடையாது. தாளின் அடியிலேயே ஒரு நாக்கை வெட்டி, பாதி தொங்கலாக விட்டு, அதன் நுனியில் மெழுகைப் பிடித்து வைப்பார்கள். பெரிய இடமென்றால் பட்டைக்குப் பதில் பின்னிய பட்டுக் கயிறு. பல பேர் சேர்ந்து எழுதிக்கொடுத்த பத்திரங்களில் முத்திரைகள் வரிசையாகத் தொங்கும். யாருடையது எது என்று தெரிய, மடிப்பின் மேல் அவரவர் பெயரை எழுத்தர் பொடி எழுத்தில் குறித்திருப்பார்.

மெழுகு என்றால் தேன்மெழுகு. பதிவுத் தபால் பொட்டலங்களில் பார்த்துப் பழகிய நமக்கு முத்திரை என்றதும் சிவப்பு அரக்கும், மெழுகுவத்திச் சுடரும், சொட்டுச் சொட்டாக விழும் துளியும் கண்ணில் நிற்கும். சரித்திரப் படங்களிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். ஆனால் அரக்குப் பூச்சியின் பிசினில் செய்யும் முத்திரை அரக்கு ஐரோப்பாவில் புழக்கத்துக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில், இந்தியக் கடல் வணிகம் சூடுபிடித்த பிறகுதான். நாம் பேசும் காலத்து முத்திரை தேன்மெழுகோடு கொஞ்சம் மரப்பிசின் சேர்த்து இளக வைத்தது. பிசின் சேர்ந்தால் ஆறியபின் இறுகும்; நுணுக்கமான கோடுகளும் அப்படியே நிற்கும். நிறம் வேண்டுமானால் சிவப்புக்குச் சாதிலிங்கம், பச்சைக்குச் செம்பின் பச்சைக் களிம்பு. எதுவும் சேர்க்காவிட்டால் தேனின் மங்கிய மஞ்சள். காலப்போக்கில் அது பழுப்பேறும். அரசு அலுவலகத்தில் நிறத்துக்கும் பேச்சு உண்டு: நிரந்தரமான கொடைக்குப் பச்சை மெழுகு, தற்காலிக உத்தரவுக்கு நிறமில்லா மெழுகு. எழுத்தைப் படிக்குமுன்பே கண் விஷயத்தைத் தெரிந்துகொள்ளும்.

இனி அச்சுக்கு வருவோம். ஏழை வீட்டு அச்சு பெரும்பாலும் ஈயம்; மலிவு, மென்மை, யாரும் வெட்டலாம். பிற்பாடு செப்புக் கலவை பெருகியது. வசதியுள்ளவர்களுக்கு வெள்ளி. 13ஆம் நூற்றாண்டில் அச்சு பெரும்பாலும் ஒரு தட்டை வில்லை. பின்னால் பிடித்துத் தூக்க ஒரு முகடோ வளையமோ இருக்கும். அடுத்த நூற்றாண்டில் அது எழுந்து நின்றது. அடியில் வட்ட முகம், மேலே ஆறு பட்டையாகச் சீவிய காம்பு, உச்சியில் மூவிலை வடிவ வளையம். சதுரங்கக் காய் ஒன்றைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டது மாதிரி. பிடிப்பதற்கு இடம் வந்ததும் அழுத்தம் நேராக விழுந்தது, பதிவும் சுத்தமாக வந்தது.

அச்சு வெட்டுகிறவர் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி நினைக்க வேண்டும். மேடாக வர வேண்டியதைப் பள்ளமாக நினைக்க வேண்டும். குதிரை வலப்பக்கம் ஓட வேண்டுமென்றால் உலோகத்தில் இடப்பக்கம் ஓடும். வீரனின் முழங்கால் மெழுகில் நமக்கு மிக அருகில் புடைக்க வேண்டுமானால் உலோகத்தில் அதுதான் மிக ஆழமான குழி. எழுத்துகளும் கண்ணாடியில் தெரிவதுபோல வலமிருந்து இடமாகப் போக வேண்டும். கைதேர்ந்த பொற்கொல்லருக்கு இது விளையாட்டு. கிராமத்துச் சந்தையில் ஈயத்தைக் கிண்டியவருக்கு அவ்வளவு சுலபமில்லை. ‘என்’ என்ற எழுத்தின் சாய்கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் அவர் தடுமாறுகிறார். மெழுகில் அந்த ஓர் எழுத்து மட்டும் திரும்பி நிற்கிறது. ஈய முத்திரைகளில் இப்படித் திரும்பிய எழுத்துகள் சகஜம். முத்திரைக்காரருக்கும் படிக்கத் தெரியாது, வெட்டியவருக்கும் பாதிதான் தெரியும். எழுத்து எப்படி நின்றால் என்ன, வேலை நடந்தது.

ஒரு சின்னச் சிலுவையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுற்றெழுத்து எங்கே தொடங்குகிறது என்று காட்ட வட்டத்தின் உச்சியில் ஒரு சிலுவை அல்லது நட்சத்திரம் இருக்கும். ‘இன்னாரின் முத்திரை’ என்று லத்தீனில் அங்கிருந்து படித்துக்கொண்டு போக வேண்டும். முத்திரை என்ற சொல்லை முழுதாக எழுத இடம் ஏது? ஒரே ஓர் எழுத்தும் பக்கத்தில் ஒரு சுழிப்பும்தான். அந்தச் சிலுவைக்கு நேர் பின்னால்தான் பல அச்சுகளில் வளையமோ காதோ வைத்திருக்கிறார்கள். மெழுகை நோக்கிக் கவிழ்த்ததும் முகம் தெரியாது. வளையம் இருக்கும் பக்கம் மேல் என்று விரல் கண்டுகொள்ளும். அப்படியும் கோணலாகப் பதிந்த முத்திரைகள் ஏராளம். பறவை பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும், பூ தலைகீழாக நிற்கும்.

பூவென்றால் லில்லிப்பூதான் அதிகம். குடியானவர் முத்திரைகளில் நடுவில் லில்லி, அல்லது எட்டு இதழாக விரிந்த ஒரு கோலம், அல்லது நட்சத்திரமும் பிறையும், அல்லது சிறகு மடித்த ஒரு பறவை. வரைவதற்கு எளிது, ஈயத்தில் வெட்ட நாலைந்து உளிக்கோடு போதும். ஆனால் ஒரே லில்லியை எத்தனை விதமாக வெட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் அலுக்காது. ஒன்றில் இதழ்கள் ஈட்டி முனையாக நிமிர்கின்றன. இன்னொன்றில் மகரந்தக் காம்புகள் இரண்டு நீட்டிக்கொண்டு முனையில் புள்ளி வைத்திருக்கின்றன. பக்கத்து வயல்காரரும் லில்லி வைத்திருப்பார், ஆனால் இந்த லில்லி இல்லை.

பெண்களின் முத்திரை பல நேரம் இருபுறமும் கூரான நீள்வட்டம். வடிவத்தில் ஒரு வசதி உண்டு: நிற்கும் உருவம் அதில் தலை முதல் பாதம் வரை இயல்பாகப் பொருந்தும். அதனால் ஆயர்களும் துறவியரும் அதே வடிவத்தை விரும்பினார்கள். சீமாட்டிகள் நீண்ட உடையில் நின்றபடி கையில் ஒரு பூவோ வேட்டைப் பருந்தோ ஏந்தியிருப்பார்கள். சாதாரணப் பெண்ணின் முத்திரையில் உருவம் இருக்காது, பூ இருக்கும். சுற்றெழுத்தில் அவள் பெயரும், இன்னாரின் மகள் அல்லது இன்னாரின் மனைவி என்பதும் இருக்கும். நிலத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து விற்றால் இரண்டு முத்திரைகளும் அருகருகே தொங்குவதைப் பார்க்கலாம். சட்டத்தில் அவளுடைய இடம் எவ்வளவு சுருங்கியிருந்தாலும், மெழுகில் அவளுக்கு ஒரு முழு வடிவம் கிடைத்திருக்கிறது.

பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கும் இரண்டு வெள்ளி அச்சுகளை இங்கே நிறுத்திப் பார்க்கலாம். முதலாவது பிரெஞ்சு அரசி இசபெல்லாவுடையது. ஹைனால்ட் நாட்டுக்காரி, இரண்டாம் பிலிப்பின் மனைவி. 1190இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்த பிரசவத்தில், இருபது வயது நிறையுமுன்பே இறந்தார். பாரிசின் நோத்ர் தாம் தேவாலயத்தில் அவரைப் புதைத்தபோது இந்த அச்சையும் கூடவே வைத்திருக்கிறார்கள். 1858இல் கல்லறையைத் திறந்தபோது கிடைத்தது. கூரான நீள்வட்டத்துக்குள் முடிசூடிய அரசி நேராக நிற்கிறார். ஒரு கையில் செங்கோல், இன்னொரு கையில் லில்லி. குடியானவப் பெண்ணின் ஈயத்தில் தனியாகப் பூத்திருந்த அதே பூ. அச்சை உரியவரோடு புதைத்ததற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. இறந்தவரின் முத்திரை வெளியே உலவினால், அவர் செத்த பிறகும் பத்திரம் எழுதிக்கொண்டே இருப்பார்.

இரண்டாவது ராபர்ட் ஃபிட்ஸ்வால்டருடையது. 1215இல் ஜான் மன்னரை மேக்னா கார்ட்டாவுக்கு முத்திரையிட வைத்த பிரபுக்களின் தலைவர். ஜான் அதில் கையெழுத்துப் போடும் ஓவியங்கள் நிறைய உண்டு. அவர் கையெழுத்துப் போடவில்லை, முத்திரைதான் பதிந்தது. ஃபிட்ஸ்வால்டரின் அச்சு ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலம். பாயும் குதிரையில் தலைக்கவசத்தோடு வீரன், வாள் உயர்ந்திருக்கிறது. குதிரையின் போர்வையிலும் அவருடைய குலச்சின்னம் இருக்கிறது. துணி மடியும் இடங்களில் சின்னமும் கூடவே வளைகிறது. குதிரையின் காலடியில் ஒரு டிராகன். இதுவரை எல்லாம் பிரபு முத்திரைகளின் வழக்கமான வீராப்புதான்.

ஆனால் குதிரையின் முகத்துக்கு எதிரே, வெற்றிடத்தில், யாரும் பிடிக்காத ஒரு கேடயம் மிதக்கிறது. அதில் இருப்பது ஃபிட்ஸ்வால்டரின் சின்னம் இல்லை. நடுவில் துளைபோட்ட சாய்சதுரங்கள் ஏழு. அவருடைய நண்பர் சேயர் டி குவின்சியின் சின்னம் அது. டி குவின்சியின் முத்திரையில் ஃபிட்ஸ்வால்டரின் கேடயம் இருந்தது. 1203இல் நார்மண்டியின் வோத்ரேய் கோட்டையை இருவரும் சேர்ந்து பிரெஞ்சு மன்னரிடம் ஒப்படைத்துப் பேரைக் கெடுத்துக்கொண்டவர்கள். பின்னால் ஜானுக்கு எதிராகவும் சேர்ந்தே நின்றவர்கள். 1219இல் டி குவின்சி சிலுவைப் போருக்குப் போன இடத்தில், எகிப்தின் டமியெட்டாவில் இறந்தார். ஒருவர் நிலம் எழுதிக்கொடுத்த ஒவ்வொரு பத்திரத்திலும் மற்றவரின் கேடயம் கூடவே போய்ப் பதிந்திருக்கிறது. ஆள் அடையாளத்துக்காக ஏற்பட்ட ஒரு பொருளில் நண்பனையும் சேர்த்து வெட்டச் சொன்ன அந்த மனசை எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

வேறொரு வகை உபரி டர்ஹம் துறவியருடையது. மண்ணில் கிடைத்த ரோமானியக் காலத்துக் கல் அச்சுகள், சிவப்புக் கார்னீலியனிலும் ஜாஸ்பரிலும் உருவம் செதுக்கியவை, இடைக்காலத்தவரை மயக்கின. வெள்ளி விளிம்பு கட்டி, அதில் தங்கள் எழுத்தை வெட்டி, முத்திரையாக வைத்துக்கொண்டார்கள். டர்ஹம் மடத்தின் முத்திரையின் பின்புறத்துக்குக் கிடைத்தது தாடி வைத்த ஜுபிடரின் தலை. சுற்றிலும் துறவியர் எழுதிக்கொண்டது: ‘ஆஸ்வால்ட் மன்னரின் தலை’. 7ஆம் நூற்றாண்டில் போரில் மாண்டு புனிதரான அந்த மன்னரின் தலை அவர்களிடம்தான் இருந்தது. அயல் தேவதைகளின் தலைவன், எழுத்து மாறியதும், கிறித்தவ மடத்தின் பத்திரங்களுக்குச் சாட்சியானான். கல்லைத் தொடவே இல்லை.

மடம், பிரபு, அரசி எல்லாம் சொல்லிச் செய்வித்தவர்கள். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் அச்சுகள் வந்தன. அவற்றில் பெயர் இருக்காது, படமும் ஒரு வாசகமும் இருக்கும். பெயரே இல்லாத முத்திரையால் ஒருவரை எப்படி அடையாளம் காண்பது என்று சட்டம் முகம் சுளித்திருக்கலாம். மக்கள் வாங்கினார்கள். அந்தச் சந்தையில்தான் நகைச்சுவை உள்ளே நுழைந்தது. லத்தீன் கொஞ்சம் ஒதுங்கி, பேச்சு ஆங்கிலமும் பிரெஞ்சும் சுற்றெழுத்தில் ஏறின.

அணிலின் கொட்டைக்கு அக்காலக் கதைகளில் குறும்பான இன்னொரு பொருளும் உண்டு; வாங்கியவர் அதைத் தெரிந்துதான் வாங்கினாரா என்பது அவரவர் ஊகம். அதைவிட எனக்குப் பிடித்தது சிங்கம். பிரபுக்களின் கேடயத்தில் சிங்கம் பின்னங்காலில் எழுந்து நின்று நகத்தை நீட்டும். இந்த மலிவு அச்சிலோ ஒரு மரத்தடியில் சுருண்டு படுத்துத் தூங்குகிறது. சுற்றிலும் ‘யாரும் என்னை எழுப்பாதே’ என்று எழுதியிருக்கிறது. மரத்தின் கிளைகள் மேல் பாதியை நிறைக்க, சிங்கத்தின் முதுகு வட்டத்தின் கீழ் வளைவோடு சேர்ந்து வளைகிறது. குறுகிய இடத்தைக் குறை சொல்லாமல் படுக்கையாக்கிக்கொண்டுவிட்டது. இதை மடித்த கடிதத்தின் மேல் பதித்தால் வாசகத்துக்கு இன்னொரு பல் முளைக்கிறது. கடிதத்தைப் பிரிப்பவர் மெழுகை உடைத்தாக வேண்டும். உரியவர் அல்லாத கை அதைத் தொட்டால் சிங்கத்தை எழுப்பிய குற்றம்.

முயலின் முத்திரை இன்னும் துணிச்சல். வேட்டை நாயின் மேல் முயல் ஏறி உட்கார்ந்து கொம்பு ஊதிக்கொண்டு போகிறது. முயலைக் கண்டதும் வேட்டைக்காரர்கள் எழுப்பும் ‘சோஹோ’ என்ற கூவலை இப்போது முயலே எழுப்புகிறது. பிரபுவின் காட்டில் முயல் பிடித்தால் தண்டனை கிடைக்கும் காலத்தில், இதை ஒரு குடியானவர் தம் சம்மதத்தின் அடையாளமாகப் பதித்திருந்தால், அந்தப் பத்திரத்தை வாங்கிய எழுத்தர் முகம் எப்படி இருந்திருக்கும்! காதல் முத்திரைகளும் அந்தக் கடையில் உண்டு. ஆணும் பெண்ணும் எதிரெதிர் முகம், நடுவே ஒரு பூங்கொடி, ‘என்னை நேசி, நான் உன்னை நேசிப்பேன்’ என்று சுற்றெழுத்து. இன்னொன்று ‘உண்மைக் காதலின் முத்திரை நான்’ என்று பிரெஞ்சில் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. இந்த முத்திரையைப் பதித்துத்தான் ஒருவர் கம்பளி விற்ற பாக்கிக்கு ரசீது கொடுத்திருக்க முடியும்.

முத்திரை எல்லோரிடமும் வந்துவிட்டபின் ஒரு புதிய சிக்கல்: யாருடைய முத்திரைக்கு மதிப்பு? பத்திரங்களின் கடைசியில் அடிக்கடி ஒரு வாக்கியம் வரும். என் முத்திரை பலருக்கும் தெரியாதது என்பதால், நகரத் தலைவரின் முத்திரையையும் வேண்டிப் பெற்று இத்துடன் சேர்த்திருக்கிறேன் என்று எழுதிக்கொடுப்பவர் சொல்வார். இந்த ஒற்றை வரி சட்டக் குறிப்பில் ஒரு சிறு மனிதரின் கூச்சம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆனாலும் அவர் தம் முத்திரையை எடுத்துக்கொள்வதில்லை. பெரிய முத்திரையின் பக்கத்தில் அதுவும் தொங்குகிறது.

முத்திரையைத் திருப்பிப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு விருந்து. அரச முத்திரைக்கு இருபுறமும் அச்சு உண்டு. சாதாரண முத்திரையின் முதுகு வெறும் மெழுகு. இளகிய மெழுகை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு மேலிருந்து அச்சை அழுத்தியிருக்கிறார்கள். அதனால் முதுகில் விரல் ரேகையும் உள்ளங்கை மடிப்பும் எழுநூறு எண்ணூறு ஆண்டுகளாக அப்படியே இருக்கின்றன. லிங்கன், அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கைப்பதிவுகளைப் படம்பிடித்து ஒப்பிட்டிருக்கிறார்கள். சில முத்திரைகளின் முதுகில் மூன்று விரல்கள் ஒரே தாளத்தில் அழுந்திய குழிகள் வரிசையாக இருக்கும். அந்தக் கை முத்திரைக்காரருடையதாகவும் இருக்கலாம், மெழுகைப் பிசைந்து கொடுத்த எழுத்தருடையதாகவும் இருக்கலாம். 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவரின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத் தாளின் பின்புறத்தில் பதிக்கச் செய்தார். கைநாட்டின் நவீன வரலாறு அங்கிருந்து பேசப்படுகிறது. முத்திரைகளின் பின்புறமோ, கேட்பார் இல்லாமலே, அதே சாட்சியத்தை முன்பே சேர்த்து வைத்திருந்தது.

பெற்றுக்கொண்டவர்களும் முத்திரையை வெறும் அத்தாட்சியாக மட்டும் நடத்தவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் மடத்திலும் கேன்டர்பரியிலும் முத்திரைகளுக்குப் பட்டிலும் பூவேலைத் துணியிலும் பைகள் தைத்துப் போட்டிருக்கிறார்கள். மெழுகு உடையாமல் இருக்கக் கந்தல் துணியே போதும். திருப்பண்டங்களைப் பொதிய வைத்திருந்த மாதிரித் துணியை இதற்கும் செலவிட்டிருக்கிறார்கள் என்றால், அதற்குள் ஏதோ ஆள் இருப்பதாக நினைத்திருக்கிறார்கள்.

அச்சின் முடிவுக்கும் ஒரு மரியாதை உண்டு. மன்னரோ ஆயரோ இறந்தால் அவர் அச்சை உடைப்பது வழக்கம். வயல்களில் கிடைக்கும் ஏழை அச்சுகளிலும் வேண்டுமென்றே மடக்கியவை, குறுக்கே வெட்டியவை இருக்கின்றன. டர்ஹம் ஆயர் ரிச்சர்ட் டி பரி 1345இல் இறந்தார். புத்தகப் பித்தர், நூல்களை நேசிப்பதைப் பற்றி ‘பிலோபிப்ளான்’ என்று ஒரு நூலே எழுதியவர். அவருடைய நான்கு முத்திரை அச்சுகளையும் உருக்கி ஒரு வெள்ளிக் கிண்ணம் செய்து தேவாலயத்துக்குக் கொடுத்தார்கள். அது அவருடைய நான்கு முத்திரைகளால் ஆனது என்று கிண்ணத்திலேயே எழுதியும் வைத்தார்கள். போலி செய்ய முடியாதபடி அழிப்பதுதான் சட்டத்தின் தேவை. அதற்கு ஒரு சுத்தியல் போதும்.

16ஆம் நூற்றாண்டிலிருந்து கையெழுத்து மெல்ல முன்னே வந்தது. முத்திரை பின்னே போனது. ஆனாலும் சட்டம் பழைய விதியை விடவில்லை. பத்திரத்தில் முத்திரை இருந்தே தீரவேண்டும் என்றது. முத்திரை சிவப்புக் காகித வில்லையாகிக் கடைகளில் விற்றது. பிறகு அதுவும் வேண்டாமென்று தாளில் அச்சடித்த ஒரு வெற்று வட்டமாயிற்று. இது சட்டம் கேட்டதைச் சரியாக, அளந்து, ஒரு குன்றிமணி கூடாமல் குறையாமல் கொடுத்தது. இங்கிலாந்தில் தனிமனிதர் எழுதிக்கொடுக்கும் பத்திரத்துக்கு முத்திரை தேவையில்லை என்று சட்டம் வந்தது 1989இல். அதை எதிர்த்து யாரும் வருத்தப்பட்டிருந்தால்தான் ஆச்சரியம். முயலும் சிங்கமும் நண்பனின் கேடயமும் வெளியேறி நெடுங்காலம் ஆன ஒரு வட்டத்தைத்தான் அவர்கள் நீக்கினார்கள்.